கொல்லுமுன் அறிதல்

கண்ணாடித் தொட்டியில் கடல்நீர் நிரப்பிப் பவளம் வளர்ப்பவர்முன் அறக்கேள்வி ஒன்று மிகச் சாதாரணமான உருவத்தில் வந்து நிற்கும். நேற்றுவரை நன்றாக இருந்த பவளத்தின் அடிப்பகுதியில் சதை விலகி வெள்ளை எலும்பு தெரிகிறது. அருகில் ஏதோ ஒன்று ஊர்கிறது, அல்லது ஏதோ ஒன்று படர்ந்திருக்கிறது. அலமாரியில் மருந்து இருக்கிறது. கை அதை நோக்கிப் போகிறது. எந்த மருந்து, எத்தனை சொட்டு, எத்தனை நிமிடம் என்று கேட்டால் சொல்ல ஆள் உண்டு. அதற்கும் முன்னால் கேட்க வேண்டியதை யாரும் கேட்பதில்லை: ஓர் உயிரைக் கொல்வதற்கு, கொல்பவருக்கு எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்?

இந்தக் கேள்விக்கு மிக அருகில் போனது சமண மரபு. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் இம்சையை வரையறுக்கும்போது உயிர் பறிபோவதைச் சொல்வதோடு நின்றுவிடவில்லை. அசட்டையால், விழிப்பற்ற மனநிலையால் உயிரைப் பறிப்பது என்று அதைச் சொல்கிறது. குற்றத்தின் ஒரு பாதி செயலில் இருக்கிறது, மறுபாதி செய்தவரின் கவனக்குறைவில் இருக்கிறது. துறவி தரையைப் பார்த்து நடப்பதற்கும் மயிற்பீலியால் இடத்தைக் கூட்டிவிட்டு உட்கார்வதற்கும் இந்த வரையறையைப் பொருத்திப் பேசுவது வழக்கம். நோயறிதலுக்கும் அதைப் பொருத்த வேண்டும் என்பது என் வாதம். பவளத்தைத் தின்னும் புழு எது, பவளத்தை மூடும் பாசி எது, அது ஏன் வந்தது என்று கண்டறிவதை அறத்துக்கு முந்தைய தொழில்நுட்ப வேலையாக ஒதுக்கிவிட முடியாது. அறம் அங்கேதான் தொடங்குகிறது. அறியாமல் கொல்பவர் தவறு செய்தவர். கொன்றது தற்செயலாகச் சரியான புழுவாகவே இருந்துவிட்டாலும் அந்தத் தவறு குறைவதில்லை.

இதைச் சோதித்துப் பார்க்கத் தொட்டி நல்ல இடம். கடலில் ஒரு பவளம் செத்தால் வெப்பம், சேற்றுநீர், மீன்பிடி, நோய் என்று பொறுப்பு பல திசைகளில் சிதறிவிடும். தொட்டியில் அப்படியில்லை. வெளிச்சம் எத்தனை மணி நேரம், உப்பு எவ்வளவு, கால்சியமும் காரத்தன்மையும் எந்த அளவில், எந்த மீன் இருக்கும், எது இருக்காது என்று எல்லாவற்றையும் தீர்மானிப்பவர் ஒருவரே. புழுவைத் தின்னும் மீன் அங்கே இல்லையென்றால் அதைச் சேர்க்காமல் விட்டவரும் அவரே. இந்தியாவில் கடினப் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. அதனால் இங்கே பேசப்படும் அனுபவம் பெரும்பாலும் வெளிநாட்டுத் தொட்டிகளில் திரண்டது. ஆனால் கேள்வி எந்த நாட்டுக்கும் பொதுவானது.

சந்தேகத்துக்கே இடமில்லாமல் ஒரு பிராணி பவளத்தைத் தின்னும் நிலையிலிருந்து தொடங்கலாம். அக்ரோபோரா என்ற கிளைப் பவளத்தைத் தின்னும் தட்டைப்புழு ஒன்று உண்டு. 2011இல்தான் அதற்கு அறிவியல் பெயர் கிடைத்தது. அதுவும் தொட்டிகளில் பிடித்த புழுக்களை வைத்து. மறு ஆண்டு ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் பவளப்பாறையில், லிசார்டு தீவருகே, கடலிலும் அது இருப்பது பதிவானது. பவளத்தின் மேல் அது படுத்திருக்கும்போது கண்ணுக்குத் தட்டுப்படாது. தின்ற பவளத்தின் பாசிச் செல்களையும் ஒளிரும் நிறமிகளையும் குடலில் வைத்துக்கொண்டே திரிவதால், எந்தக் கிளையில் மேய்கிறதோ அந்தக் கிளையின் நிறமே அதன் நிறம். அனுபவசாலிகள் புழுவைத் தேடமாட்டார்கள், கடியைத் தேடுவார்கள். கிளையின் நிழல்பக்கத்தில், அடிப்புறத்தில், வெளிறிய சின்னச் சின்ன வட்டங்கள் இருக்கும். சதை போய் எலும்பு தெரியும் இடத்தில் பழுப்பும் பொன்னிறமும் கலந்த முட்டைக் கொத்துகள் ஒட்டியிருக்கும். பவளத்தைத் தனிப் பாத்திரத்தில் வைத்து, பிப்பெட்டால் கிளைமேல் நீரை வேகமாகப் பீய்ச்சினால், தோலே உரிந்து வருவதுபோல ஒரு துண்டு பிய்ந்து, நெளிந்துகொண்டே பாத்திரத்தின் அடிக்கு இறங்கும். அதுவரை பவளமாகத் தெரிந்தது அப்போதுதான் புழுவாகத் தெரியும்.

சைவ சித்தாந்தத்தின் அளவை நூல்வழி வந்தவர்களுக்கு இது பழகிய இடம். 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரில், அறிவைப் பெறும் வழிகள் எத்தனை என்று பிறர் எண்ணினாலும் அவையெல்லாம் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடங்கும் என்று நிறுவினார். ஐயமும் திரிபும் கலந்த காட்சியை அவர் காட்சியாக ஏற்றுக்கொள்ளவில்லை. பவளத்தின் நிறத்தில் கிடக்கும் புழுவைப் பார்த்தும் பவளம் என்றே எடுத்துக்கொள்வது திரிபு. வெளிறிய வட்டத்தைக் கண்டு, வாய் வைத்த ஒன்று இங்கே இருக்கிறது என்று முடிவு கட்டுவது கருதல். முட்டையை மருந்துக் குளியல் கொல்லாது, புழுவை மட்டும் உதிர்க்கும் என்பது முன்னே பட்டவர்கள் சொல்லித் தெரிவது, அதாவது உரை. மூன்றில் ஒன்று குறைந்தாலும் வேலை கெடும். காண்டலை மட்டும் நம்புபவர், குளியலில் நான்கு புழு உதிர்ந்ததைப் பார்த்துத் திருப்தியோடு பவளத்தைத் தொட்டிக்குத் திருப்பி அனுப்புவார். 27 டிகிரி வெப்பத்தில் அந்த முட்டைகள் பொரிய ஏறக்குறைய 11 நாள் போதும். அவர் கொன்ற நான்கு புழுக்களின் சாவு யாருக்கும் பயன்படவில்லை, பவளத்துக்கும் பயன்படவில்லை. அசட்டையால் நேர்ந்த கொலைக்கு இதைவிடத் துல்லியமான உதாரணம் எனக்குத் தெரியாது. இத்தனைக்கும் இங்கே புழு உண்மையாகவே பவளத்தைத் தின்றது.

தின்னாத பிராணிகள் சாவதுதான் அதிகம். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை பவளத் தொட்டியில் தினமும் நடக்கிறது. பிரிசில் புழுவை எடுத்துக்கொள்ளுங்கள். உடலின் இருபுறமும் கண்ணாடி நூல்போல மயிர்முள் வரிசை கொண்ட அது, பகலில் பாறை இடுக்கில் இருந்துவிட்டு இரவில் வெளியே வரும். மீந்த தீனி, மீன் கழிவு, அழுகிய சதை இவையே பெரும்பாலான பிரிசில் புழுக்களின் உணவு. பவளத்தின் சதை வேறு காரணத்தால் செத்து அழுகத் தொடங்கினால் இந்தப் புழுக்கள் அங்கே கூடும். விளக்குப் போட்டுப் பார்ப்பவருக்கு ஒரே காட்சிதான் தெரியும்: செத்த பவளம், அதன்மேல் புழு. பவளம் சாவதற்கு முன்னால் புழு அங்கே இருந்ததா என்று அவர் பார்க்கவில்லை. புழு இல்லாத பவளங்களும் இதே நாட்களில் வெளிறினவா என்றும் பார்க்கவில்லை. தர்க்க நூல்கள் காரணத்துக்குக் கேட்கும் இரண்டு சோதனைகளும் இவைதான். இது இருந்தால் அது இருக்க வேண்டும். இது இல்லாவிட்டால் அது இருக்கக்கூடாது. இரண்டையும் செய்யாமல் பொறி வைத்துப் புழுவைப் பிடித்துக் கொல்பவர், தொட்டியில் சாவைத் துப்புரவு செய்துகொண்டிருந்த ஒன்றைக் கொன்றுவிட்டு, சாவின் காரணத்தை அப்படியே விட்டு வைக்கிறார். பவளத்தைத் தின்னும் பிரிசில் இனமும் ஒன்றிரண்டு உண்டு என்பது உண்மை. எந்த இனம் என்று பார்க்கச் சொல்வதற்கு அது இன்னொரு காரணம்.

கிளைப் பவளத்தின் இடுக்கில் வாழும் டிரபீசியா நண்டின் நிலை இன்னும் மோசம். பவளத்தோடு வந்து சேரும் இந்தச் சின்ன நண்டைக் கண்டதும் இடுக்கியால் பிடுங்கி எறிவது நெடுநாள் வழக்கமாக இருந்தது. பவளத்தின் சளியைத் தின்கிறது, கிளைக்குள் குடைந்து உட்கார்ந்திருக்கிறது, ஆகவே ஒட்டுண்ணி என்பது கருதல். பிரெஞ்சு பாலினேசியாவின் மூரியா தீவில் செய்து 2006இல் வெளியான ஆய்வு ஒன்றில், சில பவளங்களிலிருந்து நண்டுகளை நீக்கிவிட்டுக் கடலில் நட்டார்கள். நண்டு நீக்கப்பட்டவற்றில் பெரும் பங்கு ஒரு மாதத்துக்குள் செத்துப்போனது. நண்டு இருந்தவை தப்பின. பவளத்தின் மேல் படியும் மணலையும் சேற்றையும் அந்த நண்டுகளே தள்ளித் தள்ளிச் சுத்தம் செய்து வந்திருக்கின்றன. பவளத்தை விழுங்க வரும் முட்கிரீட நட்சத்திர மீனின் கால்களைக் கிள்ளி விரட்டுபவையும் அவைதான் என்று அதற்கு முன்பே கண்டிருந்தார்கள். பவளத்தின் காவலாளைப் பவளத்தின் எதிரி என்று கொன்றவர்களுக்குப் பவளத்தின் மேல் அக்கறை இல்லாமல் இல்லை. அக்கறை நிறைய இருந்தது. அக்கறை மட்டும் போதாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

பாசிக்கு வந்தால் சிக்கல் இன்னும் ஆழமாகிறது. புழுவைப் பற்றிக் கேட்பது யார் கொன்றது என்ற கேள்வி. பாசியில் கொல்லுதல் என்பதே எங்கே நடக்கிறது என்று தெரியாமல் போகிறது. பாசி பவளத்தை மூடி, வெளிச்சத்தை மறைத்து, மூச்சைத் திணறடித்துக் கொல்கிறது என்றே எவரும் நினைப்பார்கள். ஜெனிஃபர் ஸ்மித், ஃபாரஸ்ட் ரோவர் முதலியோர் 2006இல் வெளியிட்ட சோதனையில் பாசியையும் பவளத்தையும் அடுத்தடுத்த அறைகளில் வைத்து, நடுவே பாக்டீரியாகூட நுழைய முடியாத நுண்வடிகட்டியைப் பொருத்தினார்கள். பாசி பவளத்தைத் தொடவே இல்லை. இருந்தும் பவளம் செத்தது. அதே சோதனையில் ஆம்பிசிலின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியைச் சேர்த்தபோது பவளம் சாகவில்லை. பாசியிலிருந்து கசிந்த கரிமப் பொருள் பவளத்தின் மேலேயே இருந்த பாக்டீரியாக்களுக்கு இரையாகி, அவை பெருகி, பவளத்தை அழித்தன என்பதே அவர்கள் எட்டிய விளக்கம். இப்போது கொன்றது யார்? பாசியா, பாக்டீரியாவா, பாசி பெருகும்படி நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் ஏறவிட்ட தீனியா? காரணச் சங்கிலியில் நம் கண்ணுக்குத் தெரியும் கண்ணியைப் பிடித்து அதன்மேல் பழி போடுகிறோம். பாசி பெரிதாக இருக்கிறது, பச்சையாக இருக்கிறது, கைக்கு எட்டுகிறது. மற்ற காரணங்களைவிட முந்தி அது மாட்டிக்கொள்வதற்கு வேறு தகுதி தேவைப்படவில்லை.

சத்தைக் குறைத்தால் பாசி போய்விடும் என்ற பாடத்தை நன்றாகப் படித்துக்கொண்டவர்கள் இன்னொரு பள்ளத்தில் விழுவதுண்டு. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யத்தை நெருங்கிய தொட்டிகளில், மணல்மேலும் பவளத்தின் மேலும் பழுப்புச் சளி படர்ந்து, அதில் காற்றுக்குமிழ்கள் கோத்து நிற்பதைக் காணலாம். பாசி என்று நினைத்து மேலும் சத்தைக் குறைத்தால் அது மேலும் செழிக்கும். அது டைனோஃபிளாஜெல்லேட் என்னும் ஒரு செல் உயிர். போட்டிக்கு இருந்த பாசிகள் பட்டினியில் ஒடுங்கியதால் கிடைத்த வெற்றிடத்தில் வந்தது. நுண்ணோக்கியில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தால் கதை துலங்கும். நீர்த்துளி வடிவில், கூர்முனையை ஊன்றி அந்த முனையைச் சுற்றியே சுழல்வது ஆஸ்ட்ரியாப்சிஸ். அது இரவில் நீரில் மிதக்கும் என்பதால் புற ஊதா விளக்கு வைத்த குழாயில் சிக்கும். மணலிலேயே கிடந்து வழுக்கிக்கொண்டு போவது ஆம்ஃபிடினியமாக இருந்தால், அந்த விளக்கை இரவெல்லாம் எரித்தாலும் பயனில்லை. வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒரே சளிதான். ஆனால் மருந்தும் வேறு, காரணமும் வேறு. விடை கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டுக்குள் இருக்கிறது. பவளத்துக்கு உள்ளே வாழ்ந்து, அதன் உணவில் பெரும்பகுதியைச் சமைத்துக் கொடுக்கும் பாசிகளும் இதே டைனோஃபிளாஜெல்லேட் குலத்தைச் சேர்ந்தவைதான். வெளியே படரும் உறவினரும் உள்ளே ஊட்டும் உறவினரும் ஒரே குலம் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், எந்த உயிரையும் பிறவியிலேயே தீயது என்று சொல்ல நா எழாது.

இந்த இடத்தில் பழைய இறையியல் வழக்கு ஒன்று நினைவுக்கு வருகிறது. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் கிறித்தவ இறையியலாளர் அகஸ்தீன் மானிகேய சமயத்தாருக்கு எதிராக ஆதியாகமத்துக்கு உரை எழுதியபோது, நல்ல கடவுள் எலியையும் ஈயையும் புழுவையும் ஏன் படைத்தார் என்று அவர்கள் கேட்ட கேள்வியை எதிர்கொண்டார். அவரும் முன்பு அந்தச் சமயத்தில் இருந்தவர்; கேள்வியின் வலு அவருக்குத் தெரியும். ஏன் படைக்கப்பட்டன என்று தமக்குத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, ஒவ்வொன்றும் தன் வகையில் அழகும் ஒழுங்கும் உள்ளது, நம் தேவையை அளவுகோலாக வைப்பதால்தான் தீயதாகத் தெரிகிறது என்று பதில் சொன்னார். பவளத் தொட்டி அவர் பக்கம் நிறையச் சாட்சி சொல்லும். ஐப்டேசியா என்னும் சின்னக் கடற்சாமந்தியைத் தொட்டிக்காரர்கள் வெறுக்கிறார்கள். பவளத்தைக் கொட்டிச் சுடும், நசுக்கினால் மிஞ்சிய துணுக்கிலிருந்து மறுபடி வளரும். அதே பிராணியை ஆய்வுக்கூடங்கள் பொத்திப் பொத்தி வளர்க்கின்றன. பவளத்தைப் போலவே அதுவும் உள்ளே பாசியை வைத்து வாழ்வதால், பவளம் ஏன் வெளுக்கிறது என்று ஆராய அதைவிட எளிய உயிர் கிடைக்கவில்லை. 2015இல் அதன் மரபணுத் தொகுப்பு வெளியானது. நம் மன்னார் வளைகுடாவிலும் இதே இரட்டை முகம் உண்டு. மண்டபம் பக்கம் மூங்கில் மிதவைகளில் கட்டி வளர்க்கப்படும் கப்பாஃபைகஸ் கடற்பாசி கரையோரப் பெண்கள் பலருக்குக் கூலி. அதே பாசி 2008இல் குருசடைத் தீவின் பவளங்கள்மேல் படர்ந்து மூடியிருந்தது பதிவானது. பாசியின் இயல்பு இரண்டு இடத்திலும் ஒன்றுதான். இடம் மாறியதும், அதற்கு எதிரே நின்ற உயிர் மாறியதும், அதன் பொருள் மாறிவிட்டது.

ஆனாலும் அகஸ்தீனோடு முழுக்கப் போக என்னால் முடியவில்லை. படைப்பின் முழு ஒழுங்கில் எல்லாம் பொருந்தும் என்று அவர் சொல்ல முடியும். அந்த ஒழுங்கை வைத்தவர் அவரில்லை. தொட்டியின் ஒழுங்கை வைத்தவர் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். புழு தன் வகையில் அழகானது என்று தத்துவம் பேசிக்கொண்டு பவளத்தைச் சாகவிட அவருக்கு உரிமை இல்லை. தீமை உயிரின் இயல்பில் இல்லை, உறவில்தான் இருக்கிறது என்று ஒப்புக்கொள்வது அவர் சுமையைக் கூட்டுகிறது. உறவை ஏற்படுத்தியவர் அவர்தானே. ஆகவே தேவைப்பட்டால் கொல்லவும் வேண்டும், அதற்கு முன் தெரிந்துகொள்ளவும் வேண்டும்.

இதை மறுப்பவர்களின் முதல் வாதம் அவசரம் பற்றியது. பவளம் மணிக்கணக்கில் உரிந்துகொண்டிருக்கும்போது நுண்ணோக்கியோடு உட்கார்ந்து அளவை நூல் பேசலாமா? இது நியாயமான கேள்வி. சில பவளங்கள் ஒரே இரவில் சதை முழுவதையும் இழப்பதும் உண்மை. ஆனால் அவசரத்தில் செய்யக்கூடியவை எல்லாம் கொலை ஆகவேண்டிய அவசியமில்லை. பவளத்தைத் தனித்தொட்டிக்கு மாற்றலாம், நல்ல கிளையை ஒடித்துத் தனியே வைக்கலாம், நீரோட்டத்தைக் கூட்டலாம், நீரை மாற்றலாம், கரி போட்டு வடிகட்டலாம். இவற்றில் எதையும் நாளைக்குத் திருத்திக்கொள்ள முடியும். அக்ரோபோராவில் மொய்க்கும் அரை மில்லிமீட்டர் அளவுள்ள, மஞ்சள் உடலில் சிவப்புப் புள்ளி வைத்த பூச்சிக்கு மில்பெமைசின் போடுவது அப்படியல்ல. நாய்க்கு இதயப்புழு வராமல் தடுக்கக் கொடுக்கும் அந்த மருந்து பூச்சியோடு தொட்டியிலுள்ள இறாலையும் நண்டையும், பவளத்தின் காவல் நண்டையும் சேர்த்தே கொல்லும். திரும்பப் பெறக்கூடிய செயலுக்குக் குறைந்த அறிவு போதும், திரும்பப் பெற முடியாத செயலுக்கு நிறைய அறிவு வேண்டும். அவசரம் என்பவர்கள் பெரும்பாலும் இரண்டாவதை முதலாவதின் விலையில் வாங்கப் பார்க்கிறார்கள்.

இரண்டாவது மறுப்பு, புழுவுக்குப் போய் இவ்வளவா என்பது. உயிர்களுக்குள் படி உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. தொல்காப்பிய மரபியலே நத்தையை ஈரறிவிலும் நண்டை நாலறிவிலும் வைத்தது. ஆனால் இந்த வாதத்தைச் சொல்பவர் எதைக் காப்பாற்றப் புழுவைக் கொல்கிறார் என்று பார்க்க வேண்டும். மூளை இல்லாத, நரம்பு வலை மட்டும் உள்ள பவளத்தை. சிறியது, எளியது, ஆகவே பொருட்டல்ல என்றால் பவளமும் பொருட்டல்ல. பவளம் அழகாக இருக்கிறது என்பதால் பொருட்படுத்துகிறோம் என்றால், அது நம் விருப்பம். விருப்பத்துக்காகக் கொல்பவருக்கு, குறைந்தபட்சம் எதைக் கொல்கிறோம் என்று அறியும் கடமை மிஞ்சுகிறது.

மூன்றாவது மறுப்புதான் மிகக் கனமானது, அதை வைப்பவர்கள் அகிம்சையை நம்மைவிடக் கறாராகப் பிடிப்பவர்கள். கடலிலிருந்து பவளத்தை உடைத்து எடுத்து வந்து கண்ணாடிக்குள் வைத்ததே முதல் இம்சை. அதற்குப் பிறகு புழுவைப் பார்த்துப் பார்த்துக் கொல்வதில் என்ன அறம் வாழ்கிறது? இதில் பாதியை ஒப்புக்கொள்ள வேண்டும். காரணம் போதாமல் தொட்டி தொடங்காதவர் தொட்டி வைத்தவரைவிட நல்லவராக இருக்கக்கூடும். ஆனால் தொட்டி ஏற்கெனவே இருக்கிறது. கைவிட்டால் பம்ப் நின்ற சில மணி நேரத்தில் எல்லா உயிரும் சாகும். செயலற்றிருப்பதால் அவர் சுத்தமாகிவிட முடியாது. சமணர்கள் இல்லறத்தாருக்கு வீட்டு வேலையிலும் தொழிலிலும் நேரும் இம்சையைத் துறவியின் அளவுகோலால் அளக்கவில்லை. திட்டமிட்ட கொலையை முற்றாக விலக்கிவிட்டு, மற்றதை இயன்றவரை குறைக்கச் சொன்னார்கள். குறைப்பது எப்படி? எது தேவை, எது தேவையில்லை என்று தெரிந்துதான். தொட்டிக்காரருக்கு அந்தத் தெரிதலின் பெயர் நோயறிதல். தொட்டியில் கண்டறிந்தது கடலுக்கும் உதவியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். தட்டைப்புழுவைத் தொட்டியில் கண்டு பெயரிட்டிராவிட்டால், மறு ஆண்டு லிசார்டு தீவில் அதை எதுவென்று தேடியிருப்பார்கள்?

கடைசி மறுப்பை அறிவியலே தருகிறது: நோயறிதல் ஒருபோதும் முழுமை பெறாது. 1983இல் கரீபியக் கடலில் நீண்ட கறுப்பு முட்கள் கொண்ட டயடெமா கடல் முள்ளெலிகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. பத்தில் ஒன்பதுக்கு மேல் போய்விட்டன. என்ன நோய் என்று அப்போது கண்டறிய முடியவில்லை. 2022இல் மறுபடி அதுபோன்ற சாவு வந்தபோதுதான், அதற்குச் சிலியேட் என்னும் நுண்ணுயிர் ஒன்று காரணம் என்று அடுத்த ஆண்டு நிறுவினார்கள். 1977க்கும் 1993க்கும் இடையில் ஜமைக்காவின் பவளப்பாறைகளில் என்ன நடந்தது என்பதைப் பவள ஆய்வாளர் டெரன்ஸ் ஹியூஸ் 1994இல் எழுதினார்: பவளம் மூடியிருந்த பரப்பு 52 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகச் சுருங்கியது, பாசி 4 சதவீதத்திலிருந்து 92 சதவீதமாக விரிந்தது. அந்தப் பாறைகளைப் பார்க்கும் எவர் கண்ணிலும் குற்றவாளி பாசிதான். பாசி பெருகியது முள்ளெலி செத்ததால். முள்ளெலி என்ற ஓர் இனத்தின் சாவு இவ்வளவு பெரிதானது, பாசியை மேயும் மீன்களைப் பல பத்தாண்டுகளாகப் பிடித்துத் தீர்த்துவிட்டு, மேய்ச்சல் முழுவதையும் ஒரே உயிரின் தலையில் விட்டிருந்ததால். முள்ளெலியைக் கொன்றது எது என்று தெரியாத நிலையிலும் இந்த இரண்டாவது காரணம் தெரிந்திருந்தது. அதற்குச் செய்ய வேண்டியதும் தெரிந்திருந்தது. முழுமையாகத் தெரியாமை வேறு, தெரிந்துகொள்ளாமல் விட்ட அசட்டை வேறு. முதலாவது மனித நிலை; அதற்கு எவரையும் பழிக்க முடியாது. தொட்டியிலும் இதேதான். எந்தப் பாசி என்று துல்லியமாகத் தெரியாவிட்டாலும், பாஸ்பேட் எவ்வளவு, பாசி மேயும் நத்தையும் மீனும் இருக்கின்றனவா, புதிதாக வந்த பவளம் தனித்தொட்டியில் இருந்து வந்ததா என்று பார்க்க முடியும். பார்க்கப் பார்க்க, பழி பெரும்பாலும் தொட்டிக்கு வெளியே உட்கார்ந்திருப்பவரை நோக்கியே நகர்ந்து வரும். அந்தத் திசையில் அது நகர்வதை விரும்பாததால்தான் பலர் விசாரணையை முதல் புழுவோடு நிறுத்திக்கொள்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

மருந்தை விட்டு இயற்கையின் வழியில் போனால் இந்தச் சிக்கல் இல்லை என்று சொல்பவர்களுக்கும் ஒரு பதில் பாக்கி இருக்கிறது. ஐப்டேசியாவைத் தின்ன பெர்கியா என்ற ஓடில்லாக் கடல்நத்தையை விடுவார்கள். அது வேறு எதையும் தின்னாது. தட்டைப்புழுவுக்கு ஆறுகோட்டு ராஸ் மீனையும் இறாலையும் விடுவார்கள். கொலையை இன்னொரு உயிரின் வாய்க்கு மாற்றிவிட்டதால் நம் கை சுத்தம் என்ற எண்ணம் இதில் ஒளிந்திருக்கிறது. மருந்தைவிட இது நல்ல வழி என்பதில் எனக்கு ஐயமில்லை; காவல் நண்டும் இறாலும் சாவதில்லை. ஆனால் இங்கேயும் முன்கூட்டி அறிய வேண்டியது உண்டு. ஐப்டேசியா ஒன்று மட்டுமே உணவு என்றால், வேலை முடியும் நாளில் பெர்கியா பட்டினியால் சாகும். அதன் வெற்றியே அதன் சாவு. இதை அறிந்த வளர்ப்பாளர்கள் அந்த நத்தைகளைப் பொறுக்கி, ஐப்டேசியா மிகுந்த இன்னொருவரின் தொட்டிக்குக் கைமாற்றுகிறார்கள். பெர்கியாவை வாங்குமுன்பே அது அடுத்துப் போகவேண்டிய தொட்டி எது என்று கேட்டு வைத்துக்கொள்பவரை, இந்தக் கட்டுரை முழுவதும் சொல்லிவந்த பொருளில், விழிப்புள்ளவர் என்று சொல்வேன்.